தேசிய கீதம் பாடச் சொல்லப்படும் மெக்சிகர்கள்: கல்விச் செயலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மெக்சிகோவின் பொதுக் கல்விச் செயலகத்தாருக்கும், அங்கே இலவசப் பாடநூல்களை எழுதும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

உங்கள் நாட்டுச் சாலைகளில் பேருந்தை நிறுத்திக் குடிவரவு அதிகாரிகள் ஏறுகிறார்கள். வரிசையாக எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே வருபவர்கள், கறுத்த தோலும் சுருட்டை முடியும் உள்ள ஒருவரிடம் வந்ததும் நின்றுவிடுகிறார்கள். அவர் அடையாள அட்டையை எடுத்துக் காட்டுகிறார். போலி என்கிறார்கள். மெக்சிகர் என்றால் தேசிய கீதத்தைப் பாடிக் காட்டு என்கிறார்கள். கெர்ரேரோ, வஹாக்கா மாநிலங்களின் கடற்கரையில் வாழும் கறுப்பின மெக்சிகர்கள் பல வருடங்களாகப் பத்திரிகையாளர்களிடமும் மனித உரிமை அமைப்புகளிடமும் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் அனுபவம் இது. கையில் சரியான ஆவணம் இருந்தும் ஹோண்டுராஸுக்கும் ஹைட்டிக்கும் நாடு கடத்தப்பட்டவர்கள்கூட அவர்களில் உண்டு. மெக்சிகோவில் கறுப்பர்களே கிடையாது என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம்.

இதைக் குடிவரவுத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். ஏனென்றால் அந்த அதிகாரி பள்ளிக்கூடம் போனவர். 1959-லிருந்து உங்கள் நாட்டில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே பாடநூல்களை அச்சடித்து இலவசமாகக் கொடுத்துவருகிறது. மலைக்கிராமத்துப் பிள்ளையும் தலைநகரத்துப் பிள்ளையும் ஒரே புத்தகத்தைப் படித்து வளர்ந்தார்கள். இது பெரிய சாதனை, பல நாடுகளால் இன்னும் செய்ய முடியாதது. ஆனால் அந்தப் புத்தகங்கள் பல தலைமுறைகளுக்குச் சொல்லிக் கொடுத்த கதையின் சாரம் இதுதான்: ஸ்பானியர் வந்தார்கள், பூர்வகுடிகள் இருந்தார்கள், இருவரும் கலந்தார்கள், மெக்சிகர் பிறந்தார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, எதிரே உட்கார்ந்திருக்கும் கறுப்பினப் பெண் வெளிநாட்டவராகத்தான் தெரிவார்.

2022 மே மாதம் உங்கள் உச்ச நீதிமன்றம், சாலைகளிலும் பேருந்துகளிலும் நடக்கும் இத்தகைய சோதனைகளுக்கு இடம் தந்த சட்டப் பிரிவுகளை அரசியலமைப்புக்கு விரோதமானவை என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்குக்குக் காரணமானவர்கள் சியாபாஸைச் சேர்ந்த செல்தால் பூர்வகுடி இளைஞர்கள். வேலைக்குப் போகும் வழியில் குவாத்தமாலாக்காரர்கள் என்று சந்தேகிக்கப்பட்டுப் பிடித்துவைக்கப்பட்டவர்கள். தோற்றத்தையும் பேச்சையும் வைத்து ஒருவர் எந்த நாட்டவர் என்று முடிவுகட்டுவது ஆளைப் பிரித்துப் பார்க்கும் செயல் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஒரு மெக்சிகர் எப்படி இருப்பார் என்று அதிகாரியின் மனதில் பதிந்திருக்கும் படத்தை நீதிமன்றத்தால் மாற்ற முடியாது. அந்தப் படத்தை வரைந்தவர்கள் நீங்கள்.

இதையெல்லாம் சொல்ல ஒரு தமிழனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் மெக்சிகோக் குடிமகன் இல்லை. ஆனால் 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்காபுல்கோவுக்கும் இடையே ஓடிய கப்பல்களில் பட்டும் பீங்கானும் மட்டும் வரவில்லை. போர்த்துகீசிய வணிகர்கள் மலபாரிலும் சோழமண்டலக் கரையிலும் வங்கத்திலும் பிடித்தும் வாங்கியும் மணிலாவுக்குக் கொண்டுபோன மனிதர்களும் அதில் வந்தார்கள். எங்கிருந்து வந்தவரானாலும் அக்காபுல்கோவில் இறங்கியதும் எல்லோருக்கும் 'சீனர்' என்றே பெயர். 1672-ல்தான் அவர்களை அடிமைகளாக வைத்திருப்பது தடைசெய்யப்பட்டது. அவர்கள் வந்திறங்கிய கரையில்தான் ஆப்பிரிக்கர்களின் பிள்ளைகளும் வாழ்ந்தார்கள். அந்தப் பழைய துறைமுகப் பதிவேடுகளில் எங்கள் கடற்கரை ஊர்க்காரர்களும் பெயரிழந்து கிடக்கிறார்கள் என்பதால், இந்த வரலாற்றை வேறு யாரோ ஒருவருடைய கதை என்று என்னால் படிக்க முடியவில்லை.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் நாட்டின் புள்ளியியல் நிறுவனம் ஒரு கேள்வியைச் சேர்த்தது. முன்னோர்கள் வழியாகவும் பழக்கவழக்கம், மரபு வழியாகவும் உங்களை ஆப்ரோ மெக்சிகர், கறுப்பர் அல்லது ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்று கருதுகிறீர்களா என்பது கேள்வி. 25,76,213 பேர் ஆம் என்றார்கள். மொத்த மக்கள்தொகையில் சுமார் 2 சதவீதம். 2015-ல் இடைக்காலக் கணக்கெடுப்பில் முதல்முறையாக இதேபோலக் கேட்கப்பட்டபோது ஆம் என்றவர்கள் சுமார் 13.8 லட்சம் பேர்தான். ஐந்து வருடத்தில் யாரும் இப்படி ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருகிவிட முடியாது. கேள்வி காதில் விழ விழ, பதில் சொல்லும் துணிவு வந்திருக்கிறது. கெர்ரேரோவில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல், வஹாக்காவில் ஏறத்தாழ ஐந்து பேர். தலைநகரிலும் மெக்சிகோ மாநிலத்திலும் வெராக்ரூஸிலும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆகவே இது ஏதோ ஒதுக்குப்புறமான கடற்கரைக் கிராமத்தின் விசித்திரம் என்று பாடநூலின் ஓரத்தில் ஒரு சிறு பெட்டி போட்டு முடித்துவிட முடியாது.

இந்த எண்ணிக்கை இத்தனை காலம் எங்கே போயிருந்தது என்பதுதான் நான் உங்களை எழுதச் சொல்லும் பாடத்தின் மையம்.

காலனி ஆட்சிக் காலத்தில் நியூ ஸ்பெயின் என்று அழைக்கப்பட்ட உங்கள் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் 2 லட்சத்துக்கும் அதிகம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. மிகப் பெரும்பாலானோர் 1580-க்கும் 1640-க்கும் இடைப்பட்ட காலத்தில், ஸ்பெயினும் போர்த்துகலும் ஒரே அரசரின் கீழ் இருந்தபோது, பெரும்பாலும் அங்கோலாவிலிருந்து வெராக்ரூஸ் துறைமுகத்துக்கு வந்தார்கள். பெரியம்மையும் பிற தொற்றுநோய்களும் பூர்வகுடிகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்று தீர்த்திருந்த நேரம் அது. சக்காடெகாஸின் வெள்ளிச் சுரங்கங்களுக்கும், கோர்டோபா, குவெர்னவாகா பக்கத்துக் கரும்பாலைகளுக்கும், புவெப்லாவின் துணி நெசவுக்கூடங்களுக்கும், பணக்கார வீடுகளின் சமையல்கட்டுக்கும் ஆள் வேண்டியிருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நியூ ஸ்பெயினில் ஐரோப்பியரைவிட ஆப்பிரிக்கர்கள் அதிகமாக இருந்தார்கள். மானுடவியலாளர் கோன்சாலோ அகீரே பெல்ட்ரான் ஆவணக் காப்பகங்களைத் துருவி 1946-ல் இதை எண்ணிக்கையோடு நிறுவினார். எண்பது வருடமாகிறது. உங்கள் நாட்டு அறிஞரே செய்த வேலை இது.

ஆனால் பிள்ளைகளுக்குச் சுரங்கத்தையும் சவுக்கையும் மட்டும் காட்டிவிடாதீர்கள். அடிமை என்ற ஒரே சொல்லோடு ஒரு சமூகத்தை அறிமுகப்படுத்தினால், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சமூகத்துப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். ஹுவான் கர்ரீதோவைச் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவில் பிறந்தவர், மெக்சிகோவை வென்ற ஸ்பானியத் தளபதி கோர்தேஸுடன் வந்தவர். 1538-ல் அரசருக்கு எழுதிய மனுவில், இந்த மண்ணில் முதன்முதலில் கோதுமை விதைத்து அறுத்தவன் நான்தான் என்று பதிவுசெய்தவர். அவர் வெற்றிகொள்ள வந்த படையின் ஆள் என்பதையும் மறைக்க வேண்டாம். பிள்ளைகளுக்குப் புரியும். மெக்சிகோ நகரப் பேராலயத்தின் திருவுடை அறைச் சுவரில் இருக்கும் பெரிய ஓவியங்களில் சில ஹுவான் கொர்ரேயாவின் கைவண்ணம். அவருடைய அம்மா விடுதலைபெற்ற கறுப்பினப் பெண். 1781-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை நிறுவப் போன 44 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்க வழி வந்தவர்கள்.

யாங்காவுக்கு ஒரு பெட்டிச் செய்தி போதாது. 1570 வாக்கில் அடிமைத்தனத்திலிருந்து தப்பியோடி, ஓரிசாபாவுக்கும் கோர்டோபாவுக்கும் பக்கத்து மலைகளில் ஒரு குடியிருப்பை உண்டாக்கி, நாற்பது வருடம் ஸ்பானியப் பேரரசுக்குப் பிடிகொடுக்காமல் வாழ்ந்தவர் அவர். 1609-ல் படை அனுப்பினார்கள். யாங்கா அப்போது முதியவர். அவருடைய மக்கள் சண்டையும் போட்டார்கள், நிபந்தனைகளும் எழுதி அனுப்பினார்கள். தங்களுக்கு விடுதலை வேண்டும், தங்களுக்கென்று ஊரும் ஊர்ச்சபையும் வேண்டும், சந்தை நாள் தவிர ஸ்பானியர் அங்கே தங்கக் கூடாது, யாங்காவும் அவர் வழிவந்தவர்களும் ஆள வேண்டும். கடைசியில் சான் லொரென்சோ என்ற ஊர் அங்கீகாரம் பெற்றது. 1932-ல் அந்த ஊருக்கு யாங்கா என்றே பெயர் வைத்தார்கள். அமெரிக்கக் கண்டத்தின் முதல் சுதந்திர ஊர் என்று அது தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அந்த உடன்படிக்கையில் இன்னொரு பிரிவும் இருந்தது: இனிமேல் தப்பி வருபவர்களைப் பிடித்து எசமானர்களிடம் திருப்பிக் கொடுப்போம் என்று யாங்காவின் மக்கள் ஒப்புக்கொண்டார்கள். விடுதலைக்கு அவர்கள் கொடுக்க வேண்டியிருந்த விலை அது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர்கள் சிலையாக இல்லாமல் மனிதர்களாகத் தெரிவார்கள்.

மூன்று வருடம் கழித்து, 1612 மே மாதம், தலைநகரத்தில் கறுப்பினத்தவரான 28 ஆண்களும் 7 பெண்களும் கலகம் செய்யத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார்கள். அதைக் கண்டு எழுதிவைத்தவர் ஸ்பானியர் இல்லை. சால்கோ பகுதியைச் சேர்ந்த நாவா மொழி வரலாற்றாசிரியர் சிமல்பாஹின் அதைத் தன் தாய்மொழியில் குறித்துவைத்தார். ஒரு பூர்வகுடி மனிதர் தன் நாட்குறிப்பில் கறுப்பின மனிதர்களின் சாவை எழுதுகிறார். இரண்டு சமூகங்களையும் ஒரே பக்கத்தில் காட்டும் இப்படியொரு ஆவணம் கையில் இருக்கும்போது, இதைவிட நல்ல பாடம் வேறு எங்கே தேடப் போகிறீர்கள்?

அடுத்தது விசென்டே கெர்ரேரோ. அவரைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுதுகிறேன். அவர் பெயரில் ஒரு மாநிலமே இருக்கிறது. தாய்நாடுதான் முதலில் என்று அவர் சொன்னதாக வழங்கும் வாசகம் உங்கள் நாடாளுமன்றச் சுவரில் பொன்னெழுத்தில் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் பெயர் தெரியும். ஆனால் அவர் ஆப்பிரிக்க வழி வந்தவர் என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

1782-ல் திக்ஸ்த்லாவில் பிறந்தவர். கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றிக்கொண்டு மலைப்பாதைகளில் போகும் தொழில். அந்தத் தொழில் அவருக்குத் தெற்குப் பகுதியின் ஒவ்வொரு கணவாயையும் பழக்கிவைத்தது. ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் படையின் தலைவர் மொரேலோஸ் 1815-ல் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு விடுதலைப் போர் கிட்டத்தட்ட அணைந்துவிட்டது. தெற்கு மலைகளில் அதை அணையாமல் வைத்திருந்தவர் கெர்ரேரோ. ஸ்பெயினின் காதிஸ் நகரில் எழுதப்பட்ட 1812-ன் அரசியலமைப்பு ஸ்பானியப் பேரரசு முழுமைக்கும் குடியுரிமை பேசியது, ஆனால் ஆப்பிரிக்க வழி வந்தவர்களை விலக்கிவைத்தது. அவருடைய படையில் இருந்த பலருக்கும் அந்த விலக்கு நேரடியாகப் பொருந்தும். 1821 பிப்ரவரி 24 அன்று மெக்சிகோவின் விடுதலையை அறிவித்த இகுவாலா திட்டத்தின் 12-வது பிரிவு, நாட்டில் வாழும் எல்லோரும் குடிமக்கள், தகுதிக்கும் நற்பண்புக்கும் ஏற்ப எந்தப் பதவிக்கும் வரலாம் என்றது. அதுவரை அரசரின் படையை நடத்திய இதுர்பீதே, கெர்ரேரோவோடு கை கோக்க வேண்டியிருந்ததை மறந்துவிட்டு அந்தப் பிரிவைப் படிக்க முடியாது. மெக்சிகோவின் விடுதலையும் கறுப்பினத்தவரின் குடியுரிமையும் ஒரே தாளில் எழுதப்பட்டவை என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் எளிதாகச் சொல்லிவிடலாம்.

ஆனால் எல்லாக் கறுப்பினத்தவரும் விடுதலைப் படையின் பக்கம் நின்றதாக எழுதிவிடாதீர்கள். கெர்ரேரோ, வஹாக்கா மாநிலங்களின் கோஸ்தா சிக்கா கடற்கரையின் கறுப்பினப் படைப்பிரிவுகளில் பல, அரசருக்காகப் போரிட்டன. அவர்களுக்கும் சொந்தக் கணக்குகள் இருந்தன. மற்ற மக்களைப் போலவே அவர்களும் பிரிந்து நின்றார்கள்.

1829-ல் கெர்ரேரோ குடியரசுத் தலைவரானார். செப்டம்பர் 15 அன்று அடிமை முறையை ஒழிக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். லிங்கனின் விடுதலை அறிவிப்புக்கு 33 வருடம் முன்பு, ஆப்பிரிக்க வழி வந்த ஒரு தலைவர் அண்டை நாட்டில் இதைச் செய்துவிட்டார். அடிமைகளோடு குடியேறியிருந்த டெக்சாஸ்காரர்கள் எதிர்த்தார்கள், அந்த வருடமே அவர்களுக்கு விலக்கு கொடுக்க வேண்டிவந்தது. தலைநகரத்துப் பெரிய மனிதர்கள் அவருடைய நிறத்தையும் படிப்பின்மையையும் வெளிப்படையாகவே இகழ்ந்தார்கள். வருடம் முடிவதற்குள் பதவி போனது. அக்காபுல்கோவில் பிக்காலுகா என்ற ஜெனோவா நகரத்துக் கப்பல் தலைவன் விருந்துக்கு அழைத்து, 50,000 பெசோவுக்கு அவரைக் காட்டிக்கொடுத்தான். 1831 பிப்ரவரி 14 அன்று வஹாக்காவின் குயிலாபானில் சுட்டுக்கொன்றார்கள். அவர் பேரன் விசென்டே ரீவா பலாசியோதான் பின்னாளில் யாங்காவின் கதையையும் 1612 தூக்குகளையும் பழைய ஏடுகளிலிருந்து மீட்டு எழுதியவர். தாத்தா போரிட்ட விஷயத்துக்குப் பேரன் பேனா எடுத்தார். உங்கள் புத்தகங்கள் இந்த இருவரையும் தனித்தனியாக அறிமுகப்படுத்துவது எனக்கு ஆறவே இல்லை.

இதற்குப் பிறகு வரும் பகுதி உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம்.

1822-ல், புதிய நாட்டில் எல்லோரும் சமம் என்பதால், திருச்சபைப் பதிவேடுகளிலும் அரசு ஆவணங்களிலும் யாரையும் அவருடைய சாதிக் கலப்பைச் சொல்லிக் குறிக்கக் கூடாது என்று ஆணை வந்தது. நல்ல நோக்கம்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் பதினாறு கட்டம் போட்டு, கறுப்புத் தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்தால் இன்னது, அவர் பிள்ளைக்குப் பிள்ளை பிறந்தால் இன்னது என்று ஓவியம் வரைந்து தொங்கவிட்ட சமூகம் அது. சில கலப்புகளுக்கு விலங்குப் பெயர்களே வைத்தார்கள். அந்த அவமானத்தை ஒழித்தது சரி. ஆனால் பெயரை அழித்ததோடு, ஏற்கனவே கீழே தள்ளப்பட்டிருந்தவர்கள் கீழேயே இருக்கிறார்களா, மேலே வந்தார்களா என்று பார்க்கும் வழியும் அடைந்துபோனது. விடுதலைப் போர் தொடங்கியபோது மக்கள்தொகையில் பத்தில் ஒருவர் ஆப்பிரிக்க வழி வந்தவர் என்று மதிப்பிடுகிறார்கள். அந்தப் பத்தில் ஒருவர் அடுத்த நூறு வருடத்தில் காகிதத்திலிருந்து மறைந்துபோனார். ஆள் எங்கேயும் போகவில்லை.

அப்புறம் 1921-ல் உங்கள் செயலகம் பிறந்தது. அதன் முதல் செயலாளர் ஹோசே வாஸ்கொன்செலோஸ். ஊர் ஊராக நூலகம் கொண்டுபோனவர், சுவர்களை ஓவியர்களுக்குத் திறந்துவிட்டவர். அவருக்கு மெக்சிகோ பட்டிருக்கும் கடன் பெரியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே மனிதர் 1925-ல், எல்லா இனங்களும் கலந்து உயர்ந்த ஒரு புதிய இனம் பிறக்கும் என்று எழுதினார். அந்தக் கலப்பில் கறுப்பினம் தன் விருப்பத்தோடே படிப்படியாக மறைந்து, அழகு குறைந்த வகைகள் அழகானவற்றுக்கு வழிவிடும் என்பதும் அதே நூலில் இருக்கிறது. கலப்பைப் புகழ்ந்த நூல் என்று மட்டும் அதை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கறுப்பினத்தவர் மறைய வேண்டியவர்கள் என்று எழுதியவர் கட்டிய கல்வி அமைப்பின் வகுப்பறைகளில், கோஸ்தா சிக்காப் பிள்ளைகள் தங்கள் முகம் இல்லாத புத்தகங்களைப் படித்து வளர்ந்தார்கள். இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. உங்கள் செயலகத்தின் வரலாற்றை நீங்களே திருப்பிப் பார்த்து, அதை மேல்வகுப்பு மாணவர்களோடு வெளிப்படையாகப் பேச வேண்டும்.

பாடம் இல்லாத இடத்தில் மக்கள் தாங்களே கதை சொல்லிக்கொண்டார்கள். கோஸ்தா சிக்காவின் சில ஊர்களில் பெரியவர்கள் சொல்லும் கதை இது: முன்னொரு காலத்தில் கரைக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் உடைந்தது, அதிலிருந்து நீந்திக் கரையேறியவர்கள் நாங்கள், எங்களை யாரும் விலைக்கு வாங்கவில்லை. ஆவணங்கள் வேறு மாதிரி சொல்கின்றன. பதினாறாம் நூற்றாண்டில் அந்தக் கரையில் பெரும் மாட்டுப் பண்ணைகள் வைத்த ஸ்பானியர்கள், மாடு மேய்க்கவும் பண்ணையை மேற்பார்க்கவும் கறுப்பினத்தவரைக் கொண்டுவந்தார்கள். தப்பி வந்து சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பெரியவர்களின் கதையைத் தவறு என்று சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் சுதந்திரமாக இந்தக் கரையில் கால் வைத்தோம் என்பதுதான் அந்தக் கதை சொல்ல வருவது. ஆவணத்தையும் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகள் வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதையே அதில் கற்றுக்கொள்வார்கள்.

அந்தக் கரையில் இன்று என்ன இருக்கிறது என்பதும் பாடத்தில் வரவேண்டும். அக்காபுல்கோவிலிருந்து தென்கிழக்கே போகும் 200-ம் எண் நெடுஞ்சாலையில் குவாஹினிக்குயிலாப்பா இருக்கிறது. உள்ளூரில் சுருக்கமாகக் குவாஹி. அங்கே ஆப்ரோ மெக்சிகர்களின் வரலாற்றுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கூம்பு வடிவக் கூரை போட்ட வட்டமான மண்வீடுகள் ஒரு காலத்தில் அந்தப் பகுதி முழுவதும் இருந்தன. இறந்தோர் நாளைப் பற்றி நீங்கள் எழுதும்போது இறந்தோருக்கான ரொட்டியும் சாமந்திப் பூவும் கட்டாயம் வரும். அதே நாள்களில் கோஸ்தா சிக்காத் தெருக்களில் பேய்கள் ஆட்டம் நடக்கிறது. குதிரை முடி வைத்த தாடியும் மான் கொம்பும் உள்ள முகமூடி, கழுதையின் தாடை எலும்பைத் தட்டி எழுப்பும் தாளம், தோல் போர்த்திய சுரைக்குடுக்கையில் குச்சியை உரசி எழுப்பும் உறுமல், கூடவே மவுத் ஆர்கன். சான் நிக்கோலாஸிலும் எல் சிரூயெலோவிலும் ஒரே மரத்தில் குடைந்த தொட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் வெறுங்காலோடு ஆடுவார்கள். ஆடும் கால்களும் மரமும் சேர்ந்துதான் அங்கே மத்தளம்.

வெராக்ரூஸில் இன்னொரு மாதிரி. மண்டிங்கா, மொகாம்போ, மட்டாம்பா என்று வரைபடத்திலேயே ஆப்பிரிக்கா உட்கார்ந்திருக்கிறது. 1766-ல் சூசூம்பே என்ற ஆட்டப்பாட்டத்தைச் சமய விசாரணை மன்றம் தடைசெய்தது. வெராக்ரூஸின் கறுப்பின, கலப்பின எளிய மக்கள் ஆடிய அந்த ஆட்டம் பாதிரிமாரைக் கேலிசெய்கிறது, இடுப்பை இடுப்போடு மோதவிடுகிறது என்பது புகார். இன்று உலகமே மெக்சிகோவின் இசை என்று கொண்டாடும் சோன் ஹரோச்சோ அந்த மண்ணில் முளைத்ததுதான். வடக்கே கோவாவிலா மாநிலத்தில் மஸ்கோகோக்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி, செமினோல் பூர்வகுடிகளோடு சேர்ந்து, 1850-ல் எல்லை தாண்டி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அமெரிக்காவில் அடிமை விடுதலையை நினைவுகூரும் ஜூன் 19-ஐ இன்றும் கொண்டாடுகிறார்கள். மெக்சிகோ மண்ணில் கால் வைத்த அடிமை அந்தக் கணமே சுதந்திர மனிதர் என்று 1857 அரசியலமைப்பு சொன்னது. இப்படி ஒரு பெருமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வைத்திருக்க என்ன காரணம் இருக்க முடியும்?

மாற்றம் எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 1980-களின் இறுதியில், பூர்வகுடிகளுக்கும் ஸ்பானியருக்கும் அடுத்து ஆப்பிரிக்கரையும் சேர்த்து, மூன்றாவது வேர் என்ற பெயரில் அரசே ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கியது. 1997-ல் எல் சிரூயெலோவில், டிரினிடாடிலிருந்து வந்து அங்கே பங்குத்தந்தையாக இருந்த கிளின் ஜெம்மட்டின் முயற்சியில் கறுப்பின ஊர்களின் முதல் சந்திப்பு நடந்தது. அதற்குப் பிறகு அந்தச் சந்திப்பு ஊர் மாறி ஊர் தொடர்ந்து நடக்கிறது. அங்கே கூடியவர்கள் கேட்ட இரண்டு விஷயங்கள்: எங்களை எண்ணுங்கள், அரசியலமைப்பில் எங்கள் பெயரை எழுதுங்கள். எண்ணுவதற்குப் பதினெட்டு வருடம் ஆனது. பெயர் எழுத இருபத்திரண்டு வருடம். 2019 ஆகஸ்ட் 9 அன்று அரசியலமைப்பின் 2-வது பிரிவில் ஆப்ரோ மெக்சிக மக்கள் நாட்டின் பன்மைப் பண்பாட்டின் அங்கம் என்று சேர்க்கப்பட்டது. 2024 செப்டம்பரில் அந்த உரிமைகள் இன்னும் விரிவாக்கப்பட்டன. 2022-ன் உங்கள் பாடத்திட்டத்திலும் அவர்கள் பெயர் வருகிறது. ஆனால் பெரும்பாலும் பூர்வகுடிச் சமூகங்களும் ஆப்ரோ மெக்சிகச் சமூகங்களும் என்று சேர்த்துச் சொல்லும் வாக்கியங்களில் வருகிறது. பெயர் வந்துவிட்டது. இனி மனிதர்கள் வர வேண்டும்.

2005-ல் உங்கள் அஞ்சல் துறை, தடித்த உதடும் குரங்கு முகமுமாக வரையப்பட்ட கறுப்பினச் சிறுவனான ஒரு சித்திரக்கதைப் பாத்திரத்தைத் தபால்தலையில் போட்டது. வெளியிலிருந்து கண்டனம் வந்தபோது, இது எங்கள் பாசமான குழந்தைப்பருவ நினைவு, மற்றவர்களுக்குப் புரியாது என்று அரசே வாதாடியது. அந்தச் சிறுவனைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவர்களுக்கு அதில் கேடு தெரியாமல் இருக்கலாம். அவனுடைய பெயரைச் சொல்லிப் பள்ளியில் கிண்டல் செய்யப்பட்ட பிள்ளைக்குத் தெரியும். வேறு கறுப்பின முகம் எதுவும் அந்தப் பள்ளியின் புத்தகத்தில் இல்லாதபோது, அந்த ஒரு கேலிச்சித்திரம்தான் எல்லோர் மனதிலும் நிற்கும்.

என் கோரிக்கை இதுதான். அடுத்த பதிப்புக்கு எழுத உட்காரும்போது, தலைநகரத்து அலுவலகத்தில் இருந்துகொண்டு அவர்களைப் பற்றி எழுதாதீர்கள். குவாஹியிலும் பினோட்டெபா நசியோனாலிலும் யாங்காவிலும் மஸ்கோகோக்களின் ஊரான எல் நசிமியெந்தோவிலும் பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இத்தனை வருடமாகத் தாங்களே குறிப்பெடுத்து, பெரியவர்களிடம் கேட்டு, புத்தகத்தில் இல்லாததை வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர்கள் அவர்களில் உண்டு. அவர்களை எழுத்தாளர் குழுவில் உட்காரவையுங்கள். ஆலோசனை கேட்டுவிட்டு அனுப்பிவிடும் வழக்கமான கூட்டமாக அது ஆகிவிடக் கூடாது. அட்டைப் பெயரிலும் சம்பளத்திலும் அவர்களுக்குப் பங்கு வேண்டும். கெர்ரேரோவின் படத்தை அச்சிடும்போது நிறத்தை வெளிறச் செய்யாதீர்கள். அவர் பிறந்த சமூகத்தை அவர் தொழிலுக்குப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதுங்கள். ஆப்ரோ மெக்சிகர்களை அடிமைத்தனப் பாடத்தில் மட்டும் காட்டாமல் அறிவியல் பாடத்தின் கோதுமைப் பக்கத்திலும், இசைப் பாடத்திலும், கணக்குப் புத்தகத்தில் மீன் விற்கும் அம்மாவாகவும் காட்டுங்கள். குடிவரவு அதிகாரிகளுக்கும் காவலர்களுக்கும் பயிற்சி கொடுக்கும் இடங்களுக்கும் அதே பாடம் போக உங்கள் செயலகம் வழிசெய்ய வேண்டும்.

2030-ல் அடுத்த கணக்கெடுப்பு வருகிறது. இப்போது முதல் வகுப்பில் சேரும் பிள்ளை அப்போது ஆரம்பப் பள்ளியை முடிக்கும் வயதை நெருங்கியிருக்கும். கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, பதில் சொல்லத் தேவையான பக்கங்கள் அதற்குள் அந்தப் பிள்ளையின் பையில் இருக்க வேண்டும். அச்சகத்துக்கு நேரம் இருக்கிறது. எழுதத் தொடங்குங்கள்.

மரியாதையோடு,
ஒரு தமிழ் வாசகன்